பூக்காத பருவமும் காக்கின்ற அன்பும்

பறம்பு மலைத் தலைவனாகிய பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்து கிடந்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்து சென்றான் என்பதைத் தமிழுலகம் வழிவழியாகப் போற்றி வருகின்றது. பயன் கருதாது வழங்கிய அக்கொடையைக் 'கொடைமடம்' என்று நம் முன்னோர் பெயரிட்டு மகிழ்ந்தனர். அக்கொடி பின்னர்ப் பூத்துக் குலுங்கியதா என்று நாம் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. ஆயினும் பாரியின் கொடை ஒரு பொழுதில் நிறைவுற்ற கொடை. தேரை நிறுத்தினான், இறங்கினான், நடந்து சென்றான். அதே கொடியை வீட்டுக்குள் கொணர்ந்து, இலையும் பூவுமின்றி வெறுங்குச்சியாய் நிற்கும் ஆறேழு திங்களும் காத்து, ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வர வேண்டுமாயின், அதற்கு எத்தகைய அன்பு வேண்டும்? வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டில் இக்கேள்வி எழுவதில்லை. பனி பெய்யும் நாடுகளில் ஒவ்வோர் ஆண்டும் எழுகின்றது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையில் வீட்டு முற்றங்களை அழகு செய்யும் கொடிகளுள் பல, அந்நாடுகளில் பிறந்தவை அல்ல. நம் ஊர்களில் 'காகிதப்பூ' எனப்படும் போகன்வில்லா தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சுக் கடற்பயணத் தலைவர் புகேன்வில் என்பாரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. அப்பயணத்தில் உடன் சென்ற தாவரவியல் அறிஞர் கொமர்சோன், 1767இல் ரியோ டி ஜெனிரோ நகரில் அதனைக் கண்டார். எக்காளம் போன்ற மலர்களை உடைய மாண்டெவில்லாவும் அம்மண்ணினதே. மணத்தால் நம் நெஞ்சை ஆளும் குண்டுமல்லிகையோ நம் பகுதியிலிருந்து சென்றது.

கத்தோலிக்கராகிய நம் உள்ளத்துக்கு நெருக்கமான கொடி ஒன்றும் இவற்றுள் உண்டு. இலங்கைத் தமிழர் 'கொடித்தோடை' என அழைக்கும் கொடியின் இனத்துக்கு 'பாடுகளின் மலர்' என்னும் பொருளில் ஐரோப்பியர் பெயரிட்டனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமை நகரில் திருச்சிலுவையைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜாக்கோமோ போசியோ, மெக்சிகோவிலிருந்து வந்த அகுஸ்தீனார் சபைத் துறவி ஒருவர் வாயிலாக இம்மலரை அறிந்து வியந்தார். மலரின் நடுவே சுற்றி நிற்கும் இழைகளில் முள்முடியையும், மூன்று சூல்முடிகளில் மூன்று ஆணிகளையும், ஐந்து மகரந்தப் பைகளில் ஐந்து திருக்காயங்களையும், பற்றிச் சுருளும் தந்துகளில் கசைகளையும் கண்டு தியானிக்கும் மரபு அக்காலத்திலிருந்து வளர்ந்தது.

இக்கொடிகளுக்குக் குளிர்காலம் என்பது மரணத்தின் வாயில். உறைபனி இறங்கும் ஓர் இரவிலேயே இலைகளிலுள்ள நீர் உறைந்து, உயிரணுக்கள் சிதைந்து, விடியும்போது கொடி கருகிக் கிடக்கும். நீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டும் என்பதுமில்லை. வெப்பமண்டலச் செடிகள் பலவற்றுக்கு 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே உயிரணுக்களின் மென்படலம் இறுகித் தீங்கு தொடங்கிவிடும். எனவே, இலையுதிர்காலம் வந்ததும் கொடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் எடுத்துச் செல்கின்றனர். இவ்வழக்கம் பழைமையானது. பிரான்சு நாட்டு வெர்சாய் அரண்மனையில் 14ஆம் லூயி மன்னன் காலத்தில், 1684க்கும் 1686க்கும் இடையில், கிச்சிலி மரங்கள் குளிர்காலத்தைக் கழிப்பதற்கென்றே தடித்த சுவர்களும் உயர்ந்த சன்னல்களும் கொண்ட மாளிகை ஒன்று எழுப்பப்பட்டது. மன்னன் மாளிகையில் செய்ததை, இன்று எளிய குடும்பத்தார் தம் நிலவறையிலும் சன்னலோரத்திலும் செய்கின்றனர்.

அதனைச் செய்யும் முறையை நாம் சற்று ஊன்றிக் காண்போம். நம் சிந்தனைக்குரிய பொருள் அங்கேதான் உள்ளது.

இரவுகள் குளிரத் தொடங்கியதும், இலைகளின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சியோ சிலந்திப்பேனோ உள்ளதா என்று பார்த்துக் கழுவுகின்றனர். நீண்ட கிளைகளைக் குறைக்கின்றனர். பின்னர் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, வெளிச்சம் மிகுந்த சன்னலருகே மிதமான வெப்பத்தில் கொடியை விழித்திருக்கச் செய்வது. மற்றொன்று, குளிர்ந்த, ஆனால் உறையாத அறையில் அதனை உறங்கவிடுவது. எல்லாக் கொடிக்கும் ஒரே வழி பொருந்தாது. குண்டுமல்லிகை குளிர்ந்த இருளைத் தாங்காது. அதற்கு வெளிச்சமும் ஓரளவு வெப்பமும் வேண்டும். போகன்வில்லாவோ 5 முதல் 10 டிகிரி வரையுள்ள அறையில் இலைகளை உதிர்த்துவிட்டு அமைதியாக உறங்கும். மல்லிகைக்கு இரக்கமாவது காகிதப்பூவுக்குக் கொடுமையாகலாம். ஆகவே, காப்பவர் முதற்கண் செய்ய வேண்டுவது, தம் முன் நிற்கும் உயிர் எத்தகையது என்று அறிதலே.

இனி, பலருடைய கொடிகள் எவ்வாறு மடிகின்றன என்பதைக் காண்போம். புறக்கணிப்பால் மடிபவை உண்டு. ஆனால், கவலையால் மடிபவை மிகப் பல. உள்ளே கொணர்ந்த சில வாரங்களில் போகன்வில்லாவின் இலைகள் உதிரத் தொடங்கும். அது இயல்பு. காப்பவரோ அஞ்சுகின்றார், 'ஐயோ, வாடுகின்றதே' என்று நீர் ஊற்றுகின்றார். மேலும் உதிர்கின்றது, மேலும் ஊற்றுகின்றார். எருவும் இடுகின்றார். இலையற்ற கொடிக்கு நீரை மேலே இழுத்து வெளியிடும் வழி இல்லை. குளிர்ந்த வேர் குடிப்பதுமில்லை. மண்ணின் நுண்துளைகளெல்லாம் நீரால் நிரம்பிக் காற்று வெளியேற, வேர் மூச்சடைத்து அழுகுகின்றது. உண்ணப்படாத எருவின் உப்பு வேரைச் சுடுகின்றது. மாசித் திங்களில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கூழாகிக் கிடக்கும். அக்கொடியைக் கொன்றது பகையன்று. பூக்க வேண்டும், பசுமையாக இருக்க வேண்டும் என்று பொறுமையிழந்து தவித்த அன்பே.

மற்றொரு பிழையும் உண்டு. குளிர் தாக்கக்கூடாதென்று, வெளிச்சம் குன்றிய அறையில் வெப்பமூட்டியின் அருகே கொடியை வைப்பர். வெப்பம் கொடியை எழுப்பிவிடும். ஆனால், உணவு சமைக்க அதற்கு ஒளி கிடைக்காது. இலண்டன் மாநகரில் திசம்பர் மாதத்துப் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரமே. சன்னல் கண்ணாடியைக் கடந்து வரும் ஒளியோ அதனினும் சிறிது. கோடையில் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவையெல்லாம் செலவழித்து, வெளிறி நீண்ட மெல்லிய தளிர்களை விட்டு, கொடி தன்னைத் தானே தீர்த்துக்கொள்ளும். ஒளி தராது வெப்பம் மட்டும் தருவது உயிரை வளர்ப்பதன்று; உயிரை வற்றச் செய்வது. பிள்ளைகளை வளர்ப்போரும், ஆசிரியர்களும், குருக்களாகிய நாமும் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். வழி காட்டாது வற்புறுத்தல் மட்டும் செய்யும் இடங்களிலெல்லாம் இத்தகைய வெளிறிய தளிர்களைக் காண்கின்றோம் அல்லவா?

இங்கே ஒரு மெய்யியல் கேள்வி எழுகின்றது. பூக்காத கொடியைக் கொடி என்று எதைக் கொண்டு சொல்கின்றோம்? மெய்யறிஞர் அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் நுண்ணிய வேறுபாடு ஒன்றைக் காட்டினார். அறிவைப் பெற்றிருத்தல் வேறு. அதனைச் செயற்படுத்தல் வேறு. உறங்கும் அறிஞன் அறிவிலியாகிவிடுவதில்லை. உயிர் என்பது முதற்கண் விழிப்பின் செயலன்று; உறக்கத்திலும் நிலைத்திருக்கும் உள்ளமைவு. புனித அக்குவினா தோமையார் இதனை ஏற்று, உள்ளமைவு முதலாவது, செயற்பாடு அதன் பின்னது என்று கற்பித்தார். ஆகவே, நிலவறையில் நிற்கும் வெறுங்கொடி 'ஒன்றுமில்லாத' பொருள் அன்று. அதன் தண்டினை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கத் தோட்டக்காரர் அறிவர். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் உள்ளது. அந்தப் பச்சைக்கு இலையும் சான்று பகரவில்லை. மலரும் சான்று பகரவில்லை. ஆயினும் அது உள்ளது. உள்ளது என்பதாலேயே காக்கத் தக்கது.

அன்பைப் பற்றியும் தோமையார் தெளிவாகக் கூறியுள்ளார். அன்பு செய்தல் என்பது பிறருக்கு நன்மையை விரும்புதல் என்பதே அவர்தம் விளக்கம். நமக்குக் கிடைக்கும் இன்பத்திற்காக ஒன்றை விரும்புதல் ஒருவகை. மற்றவரின் நலனை அவருக்காகவே விரும்புதல் வேறு வகை. திராட்சை இரசத்தை நாம் விரும்புவது முதல் வகை. நண்பனை விரும்புவது இரண்டாம் வகை. செடிகொடிகளோடு நட்பு என்னும் உறவு கொள்ள இயலாது என்றும் அவர் கருதினார். அதனை நாமும் மறுக்கவில்லை. கொடியும் மனிதனும் ஒன்றாகார். ஆயினும், ஒவ்வொரு படைப்பும் அதன் பயன்பாட்டைக் கடந்து இறைவன் முன்னிலையில் தனக்கென மதிப்பு உடையது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடல் நமக்கு நினைவூட்டியது. கோடையில் கொடியைக் காப்பவர் எவ்வகை அன்பால் காக்கின்றார் என்று சொல்வது அரிது. பூவின் இன்பமும் கொடியின் நலனும் அப்போது ஒன்றாய்க் கலந்திருக்கும். குளிர்காலம் அவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'இத்துணைத் தொல்லை எதற்கு? கோடையில் வாங்கி, முதல் உறைபனியில் எறிந்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறொன்றை வாங்கினால் போகாதா?' குளிர்நாடுகளில் மாண்டெவில்லா பெரும்பாலும் அவ்வாறே விற்கப்படுகின்றது. பல்லாண்டு வாழும் கொடி ஒரு கோடைப் பொருளாகிவிட்டது. ஒரு கொடியை எறிந்தவர் பாவம் செய்தார் என்று நாம் கூறமாட்டோம். இடமில்லாதவர், இயலாதவர் பலர் உளர். ஒரு கொடியின் பொருட்டு அறை முழுவதையும் சூடாக்கி எரிபொருளை வீணாக்குதலும் அறமன்று. ஆனால், உறங்கவிடும் முறைக்கு மிகுந்த செலவில்லை என்பதையும் கருத வேண்டும். பூவைக் குளிர்காலத்திலும் கேட்பவருக்கே விளக்கும் வெப்பமும் மிகுதியாக வேண்டியுள்ளன. பூவைக் கேளாதவருக்கு ஒரு மூலையும், சிறிது நீரும், நினைவும் போதும். எறிதல் நம் கைகளுக்குப் பழகிவிட்டால் அப்பழக்கம் கொடியோடு நின்றுவிடுமா என்பதே நம் அச்சம்.

இன்னோர் எதிர்ப்பும் எழலாம். 'பூவைக் கேளாதே, தொல்லை செய்யாதே என்கின்றீர். அப்படியாயின் நிலவறையில் விட்டுவிட்டு மறந்துவிடலாமே?' கைவிடுதலும் காத்திருத்தலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கொடி இருண்ட அறையில் தனித்து நிற்கின்றது. இரண்டிலும் எருவில்லை, மிகுந்த நீரில்லை. வேறுபாடு ஒன்றே: காத்திருப்பவர் இறங்கி வந்து பார்க்கின்றார். சில வாரங்களுக்கு ஒருமுறை மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, வேர் முற்றிலும் காய்ந்துவிடாதபடி சிறிதளவு நீர் விடுகின்றார். பூச்சி பற்றியுள்ளதா என்று நோக்குகின்றார். பின் விளக்கை அணைத்துவிட்டு மேலேறிச் செல்கின்றார். அந்தச் சிறு வருகையே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எல்லை.

இவ்வளவும் கொடியைப் பற்றியே சொல்கின்றோம் என்று வாசகர் எண்ணமாட்டார். நம் குடும்பங்களைச் சற்று நோக்குவோம். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தோரும், நம் ஊர்களிலிருந்து பணிக்காகச் சென்றோரும் டொராண்டோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். சன்னலோரத் தொட்டியில் மல்லிகையையும் கறிவேப்பிலையையும் அவர்கள் குளிரினின்று காத்து வளர்க்கும் அருமையைக் கேட்டிருக்கின்றோம். அவ்வீடுகள் பலவற்றில், மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட வேறோர் உயிரும் சன்னலோரத்தில் அமர்ந்திருக்கின்றது. ஊரில் குடும்பத்தையே நடத்திய தாய், அன்பியக் கூட்டங்களில் முன்நின்ற தந்தை, ஐந்து மணிக்கு முன்னரே இருளும் மாலைப் பொழுதில் பேச்சிழந்து அமர்ந்திருக்கின்றனர். பிள்ளைகள் அன்புடையவர்களே. 'அம்மா, ஏன் இப்படி இருக்கிறீர்கள்? வெளியே வாருங்கள், சிரியுங்கள், எதையாவது செய்யுங்கள்' என்று வற்புறுத்துவர். இயலாதபோது சோர்ந்து, 'அவர் போக்கில் இருக்கட்டும்' என்று விட்டுவிடுவர். முன்னது மிகுந்த நீர். பின்னது நீரே இன்மை. இடைப்பட்ட வழி கடினமானது: பூவைக் கேளாது, ஆனால் நாள்தோறும் வந்து அருகே அமர்தல்.

கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் பங்குகளில் மாத முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்கின்றோம். படுக்கையில் கிடக்கும் சிலர் நம்மை அடையாளம் காண்பதில்லை. திருவுணவின் ஒரு துகளை விழுங்கவும் இயலாதவர் உளர். 'சாமி, இனி இவர் எதற்கும் பயன்படமாட்டார்' என்று இல்லத்தார் தம்மை அறியாது கூறுவதுண்டு. தேர்வில் தோற்று அறைக்குள் முடங்கிய இளைஞனைப் பற்றியும், நெடுநாள் மனச்சோர்வுற்ற மகளைப் பற்றியும் இதே சொல் எழுகின்றது. மனிதர் கொடியல்லர் என்பதை இங்கு மீண்டும் வலியுறுத்துகின்றோம். மனச்சோர்வு என்பது பருவம் மாறினால் தானே நீங்கிவிடும் உறக்கமன்று. மருத்துவரை நாடுவதும் காவலின் ஒரு பகுதியே. பூச்சி பற்றிய கொடியைப் பார்த்தும் வாளாவிருப்பவர் காவலர் அல்லர். நாம் சொல்ல வருவது, ஒருவர் பலன் தராத காலத்தில் அவர்க்குரிய மதிப்பில் ஓர் அணுவும் குறைவதில்லை என்பதும், அம்மதிப்பை உணர்த்துவது நம் வருகையே என்பதும் ஆகும்.

இயேசு பெருமான் கூறிய காய்க்காத அத்திமர உவமையை நாம் அறிவோம். மூன்றாண்டுகள் கனி தேடி ஏமாந்த உரிமையாளர், அதனை வெட்டிவிடப் பணிக்கின்றார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கின்றார். சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாக வாக்களிக்கின்றார். அம்மரம் பின்னர்க் கனி தந்ததா? லூக்கா நற்செய்தியாளர் அதனைச் சொல்லவில்லை. உவமை அங்கேயே முடிந்துவிடுகின்றது. காக்கப்பட்ட கொடிகளுள் சில பங்குனியில் தளிர்க்கும்; சில தளிர்ப்பதில்லை. தளிர்க்காத கொடிக்குச் செய்த காவல் வீணாயிற்றா? பூவுக்காகக் காத்தவருக்கு வீணே. கொடிக்காகக் காத்தவர், தாம் செய்ய விரும்பியதைச் செய்து முடித்தவர்.

நம் செப வாழ்வுக்கும் இது பொருந்தும். ஆறுதலற்ற காலத்தில், முன்னர்த் தெளிந்து எடுத்த முடிவுகளை மாற்றலாகாது என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் அறிவுறுத்தினார். உறங்கும் கொடியைத் தோட்டக்காரர் வேறு தொட்டிக்கு மாற்றுவதில்லை. தளிர்விடும் காலத்துக்காகப் பொறுத்திருக்கின்றார். திருச்சபையும் ஆண்டுக்கு ஒருமுறை அத்தகைய நாளை நமக்குத் தருகின்றது. பெரிய சனிக்கிழமையன்று பீடம் வெறுமையாக நிற்கும். பாஸ்காத் திருவிழிப்பு வரை திருப்பலி இல்லை. கல்லறைக்கு எதிரே மகதலா மரியாவும் மற்ற மரியாவும் அமர்ந்திருந்தனர் என்று மத்தேயு எழுதுகின்றார். அவர்கள் உயிர்ப்பை எதிர்பார்த்து அமரவில்லை. எதையும் பெறும் நம்பிக்கையின்றியே அமர்ந்திருந்தனர். ஓய்வுநாள் கழிந்ததும் மீண்டும் வந்தனர். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவர்கள், ஒன்றையும் கேளாது வந்தவர்களே.

பாடுகளின் மலரை வியப்பது எளிது. முள்முடியும் ஆணிகளும் காயங்களும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. குளிர்காலத்தில் அக்கொடியில் ஒரு சின்னமும் தெரியாது. ஆயினும், பாடுகளின் பொருளை நாம் கற்க வேண்டுவது அப்போதுதான்.

செருமானிய நாட்டுத் தோட்டக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மே 11 முதல் 15 வரை வரும் மமெர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ், போனிப்பாசியுஸ், சோபியா ஆகிய புனிதர்களின் நாள்களை 'பனிப் புனிதர்கள்' நாள்கள் என்பர். வெயில் எவ்வளவு இனிதாயினும், அந்நாள்கள் கழியும் முன்னர் மென்மையான செடிகளை வெளியே நிலையாக வைப்பதில்லை. கடைசி உறைபனி அப்போதும் வரக்கூடும். வெளியே கொணர்ந்த பின்னும் முதலில் நிழலில், பின்னர்ச் சிறிது வெயிலில் என்று பல நாள்கள் பழக்குகின்றனர். குளிரில் காத்த கொடியை ஒரே நாளில் முழு வெயிலில் நிறுத்தினால் இலை கருகிவிடும். நோயினின்றும் துயரினின்றும் மீண்டு வருவோரிடம், 'நன்றாகிவிட்டாயே, இனிப் பழையபடி ஓடு' என்று கூறும் நம் அவசரத்துக்கு இது தக்க பாடமாகும்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் இன்று பூக்காதிருப்பவர் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் மீண்டும் பூப்பாரா என்பது நம் கையில் இல்லை. இந்த வாரம் அவர் அறைக்குள் சென்று, ஒன்றும் கேளாது, சற்று நேரம் அமர்ந்திருப்பது நம் கையில் உள்ளது. இறைவன் நம் வறண்ட காலங்களிலெல்லாம் நம்மிடம் அவ்வாறே வந்திருக்கின்றார்.